இடது ஓரம் ஒன்றரை அங்குலம்

நான் எழுதிக் கொடுத்த முதல் ஒப்படையை அவர் வாசிக்கவில்லை, அளந்தார். மேசை லாச்சியிலிருந்து ஓர் அடிமட்டத்தை எடுத்து முதல் பக்கத்தின் இடது ஓரத்தில் வைத்தார். மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார். வகுப்பில் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“ஒண்ணேகால்,” என்றார். “ஒன்றரை இருக்கணும்.”

பிறகு சிவப்புப் பேனாவால் முகப்புத் தாளில் இரண்டே வரி எழுதி, கையெழுத்தும் திகதியும் போட்டு என்னிடம் நீட்டினார். ‘விதிமுறைக்கு அமையவில்லை. வாசிக்கப்படவில்லை.’

மாத்தளை நகரில் சனி, ஞாயிறுகளில் நடந்த ஆசிரியர் டிப்ளோமா வகுப்பு அது. நான் ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரிய உதவியாளராக இருந்தேன். ஆசிரியர் செய்கிற வேலை முழுவதையும் நாங்கள் செய்வோம், ஆசிரியர் என்று மட்டும் சொல்லிக்கொள்ள முடியாது. டிப்ளோமாவை முடித்தால்தான் நிரந்தர நியமனம். கட்டுரை எழுதும் முறை என்ற பாடத்தைக் கற்பித்த விரிவுரையாளர்தான் இவர். அந்தப் பாடத்துக்குப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு கையேடு இருந்தது. ஓரம் எவ்வளவு, வரிக்கு வரி இடைவெளி எவ்வளவு, எழுத்துரு எது, மேற்கோளை எங்கே உள்தள்ளுவது, உசாத்துணை நூல்களை எந்த ஒழுங்கில் அடுக்குவது என்று எல்லாம் அதில் இருந்தது. எழுதியவரும் அவரே. அட்டையில் அவர் பெயர் எங்கள் நிலையத்தின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருக்கும்.

எனக்குக் கம்பியூட்டர் இல்லை. அலுவிகாரையில் இருந்து வருகிற ஒரு முஸ்லிம் ஆசிரியை எனக்குப் பக்கத்தில் உட்காருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முஸ்லிம்கள் அக்காவை அழைப்பதுபோல ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய கணவருக்கு மிளகு, கிராம்பு வியாபாரம். வீட்டுக்குள் காலை வைத்தாலே கிராம்பு மணக்கும். அந்த மணத்துக்கு நடுவே உட்கார்ந்துதான் என் ஒப்படையைத் தட்டச்சு செய்து தந்தார். ஓரம் பிழையாகப் போனது தன்னால்தான் என்று அவர் அழுதே விட்டார்.

“நான்தான் புள்ள பாக்காம விட்டுட்டன். வா, திருப்பி அடிப்போம்.”

திருப்பி அடித்தோம். இரண்டாவது தடவை, உசாத்துணை அகர வரிசையில் இல்லை என்று திரும்பி வந்தது. அப்போதும் வாசிக்கவில்லை. மூன்றாவது தடவை எல்லாம் சரியாக இருந்தது. அன்றைக்குத்தான் அவர் அதைத் திறந்தார். திறக்காமலே இருந்திருக்கலாம் என்று பிறகு நினைத்தேன்.

நான் எழுதியிருந்தது, இரண்டு வகுப்புகளைச் சேர்த்து நான் நடத்திய அறையில் படித்த இரண்டு சகோதரிகளைப் பற்றி. வரவு இடாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கண்ணில் பட்டது. அக்கா வந்த நாளில் தங்கை இல்லை, தங்கை வந்த நாளில் அக்கா இல்லை. ஒரு மாதம் முழுக்க அப்படி. பாடசாலை விட்டதும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போய் அவர்களுடைய அம்மாவிடம் கேட்டேன். அவர் கொழுந்துச் சாக்கை உதறிக்கொண்டே சொன்னதை அப்படியே கொப்பியில் எழுதிக்கொண்டேன். ஒப்படையிலும் ஒரு சொல் மாற்றாமல் போட்டிருந்தேன்.

“சப்பாத்து இல்லாம இல்ல டீச்சர். சப்பாத்து இருக்கு. ஒரு சோடி இருக்கு, புள்ளைங்க ரெண்டு. இன்னைக்கு இவ போட்டுக்கிட்டு வந்தா நாளைக்கு அவ. சின்னவளுக்குப் பெருசுதான், நுனியில துணி அடைச்சு விடுறேன். பாதிப் படிப்பாச்சும் ரெண்டு பேருக்கும் கெடைக்கட்டும்னுதான்.”

விரிவுரையாளர் இதைக் குரலை மாற்றி வாசித்தார். இழுத்து, கையை ஆட்டி, இடுப்பில் ஒரு கையை வைத்து. நாற்பது பேரில் முப்பது பேர் தோட்டத்தில் இருந்து வந்தவர்கள். அவர்களும் சிரித்தார்கள். அவர்களுடைய அம்மாமாரும் அப்படித்தான் பேசுவார்கள், ஆனாலும் சிரித்தார்கள். ராத்தா மட்டும் சிரிக்கவில்லை. மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“இது கட்டுரையா, லயத்து வாசல்ல நின்னு பேசுற பேச்சா?” என்று கேட்டார் விரிவுரையாளர்.

“அந்தம்மா அப்படித்தான் சொன்னாங்க சேர்.”

“அவங்க எப்படியும் சொல்லுவாங்க. எழுதுறது நீங்க. சப்பாத்துன்னு ஒரு தமிழ்ச் சொல் இருக்கா? காலணி.”

அந்தப் பத்தி முழுவதையும் சிவப்பால் குறுக்கே வெட்டினார். பக்கத்தில் ‘காலணி’ என்று எழுதினார். கீழே ‘கொச்சை நடை. கட்டுரைக்கு ஆகாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூன்று தடவை திரும்பியதால் ஒப்படை முற்றாக நிராகரிக்கப்பட்டது. இரண்டு பிரதி கொடுக்க வேண்டும் என்பது விதி. சிவப்புப் பட்டது என் கைக்கு வந்தது, சுத்தமான பிரதியை அவர் வைத்துக்கொண்டார். அந்தப் பாடத்தை நான் அடுத்த வருடம் திரும்பப் படிக்க வேண்டும் என்றார்கள்.

என்னோடு படித்த எல்லோரும் அந்த வருடம் நிரந்தரமானார்கள். ராத்தாவும்தான். என் அம்மா அப்போது தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். ஏன் இன்னும் நியமனக் கடிதம் வரவில்லை என்று பக்கத்து வீட்டார் கேட்டபோது, “அவளுக்குக் கொஞ்சம் பாடம் பாக்கியாம்,” என்று சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். படிப்பில் ஒருநாளும் பின்தங்காத பிள்ளை நான். அம்மாவுக்கு அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. சப்பாத்துக்கும் காலணிக்கும் நடுவில் நான் ஒரு வருடத்தை இழந்தேன் என்பதை எப்படி அவருக்கு விளங்க வைப்பது?

அடுத்த வருடம் புதிய வகுப்பில் முதல் நாளே அவர் என்னை எழுப்பி முன்னால் நிற்க வைத்தார்.

“விதிமுறைக் கையேட்டை நீங்க வாசிங்க. ரெண்டாவது தடவை படிக்கிறவங்களுக்குத்தான் நல்லாப் பாடமா இருக்கும்.”

புதியவர்கள் தலையைக் குனிந்து சிரித்தார்கள். வாசித்தேன். அன்றைக்கு மட்டுமல்ல, தொடர்ந்து ஐந்து சனிக்கிழமை வாசித்தேன். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு விதி வந்தது. ‘நேர்காணலில் ஒருவர் கூறியதை மேற்கோளாகத் தருமிடத்து, அவர் கூறியவாறே, சொல் மாற்றாது தருதல் வேண்டும்.’ வாசித்துவிட்டு நிறுத்தினேன். அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

“சேர், இதை இன்னொரு தடவை வாசிக்கட்டுமா?”

அவருக்கு விளங்கியது. காதுமடல் சிவந்தது. “அடுத்ததுக்குப் போங்க,” என்றார்.

அடுத்ததுக்குப் போனேன். அந்த நிமிடம்தான் நான் முடிவெடுத்த நிமிடம். அதற்கு முன்னால் எனக்கு இருந்தது வருத்தம், வெட்கம். தன் கையால் எழுதிய விதியைத் தானே மறந்துவிட்டு என்னை ஒரு வருடம் உட்கார வைத்த மனிதர் இவர் என்று தெரிந்த பிறகு எனக்கு வேறொன்று வந்தது. அதைக் கோபம் என்று சொல்லமாட்டேன். கோபம் ஆறிவிடும்.

அந்தத் தடவை ‘பாடசாலை நூலகத்தின் பயன்பாடு’ என்று ஓர் ஒப்படை எழுதினேன். எங்கள் பாடசாலையில் நூலகம் இல்லை. இரண்டு அலுமாரிதான் இருந்தது, ஒன்றுக்குச் சாவி இல்லை. அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் பதினைந்து பக்கம் எழுதினேன். ஒன்றரை அங்குல ஓரம், அகர வரிசை, அடிக்குறிப்பு எல்லாம் இருந்தது. உயிருள்ள ஒரு வசனம் இல்லை. ‘மிகச் சிறப்பு’ என்று எழுதித் தந்தார்.

டிப்ளோமாவை முடித்தேன். நிரந்தரமானேன். பிறகு வெளிவாரியாகப் பட்டப்படிப்பும் படித்தேன். அதற்குள் எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. எந்த ஆசிரியர் எதை எழுதினாலும் என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள், ஓரத்தைக் கண்ணாலேயே அளந்து சொல்லிவிடுவேன். அந்தக் கையேட்டை யாரைவிடவும் நன்றாகத் தெரிந்தவள் நான்தான். எழுதியவரைவிடவும்.

நாங்கள் டிப்ளோமா படித்த நிலையத்தில் ஆண்டுக்கொரு தடவை ஆய்வு மலர் வெளியிடுவார்கள். ஆசிரியர்களும் விரிவுரையாளர்களும் அதற்குக் கட்டுரை அனுப்புவார்கள். வந்த கட்டுரைகள் விதிமுறைப்படி இருக்கின்றனவா என்று சரிபார்க்க ஓர் ஆள் வேண்டும். யாருக்கும் பிடிக்காத வேலை. பழைய மாணவர்களையும் அழைத்திருந்த கூட்டத்தில் அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது நான் கையை உயர்த்தினேன். பதிப்புக் குழுவின் தலைவி ஓய்வுபெற்ற ஓர் அதிபர். அவருக்கு ஒரே சந்தோஷம்.

“மிஸ், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்,” என்றார்.

புண்ணியத்துக்காக நான் அதைக் கேட்கவில்லை. விரிவுரையாளருக்குப் பதவி உயர்வு வர வேண்டியிருந்தது என்றும், அதற்கு வெளியான கட்டுரைகளைக் காட்ட வேண்டும் என்றும் எனக்குத் தெரிந்திருந்தது. எங்கே அனுப்புவார்? எங்கள் மலருக்குத்தான் அனுப்புவார். முதல் இரண்டு வருடம் அனுப்பவில்லை. நான் காத்திருந்தேன். மற்றவர்களுடைய கட்டுரைகளைப் பொறுமையாகத் திருத்திக் கொடுத்தேன். ஓரம் கால் அங்குலம் குறைந்தால் நானே சரி செய்துகொள்வேன். யாரையும் திருப்பி அனுப்பியதில்லை.

மூன்றாவது வருடம் அவருடைய உறை வந்தது.

அன்றைக்குப் பஸ்ஸை விட்டு இறங்கி, முத்துமாரியம்மன் கோயிலுக்கு எதிர்ப்பக்கத்துக் கடையில் ஒரு புதிய சிவப்புப் பேனா வாங்கினேன். அவர் பழைய பாமினி எழுத்துருவில் அடித்திருந்தார். நாங்கள் யூனிகோட் கேட்டிருந்தோம். இடது ஓரத்தில் அடிமட்டத்தை வைத்துப் பார்த்தேன். ஒண்ணேகால்கூட இல்லை, ஒன்று. கட்டுரையைப் புரட்டாமலே முகப்புத் தாளில் எழுதினேன்: ‘விதிமுறைக்கு அமையவில்லை. வாசிக்கப்படவில்லை.’ சரிபார்ப்பவர் பெயரை எழுதும் வழக்கம் இல்லாததால் என் பெயரை எழுதவில்லை. உறையை ஒட்டும்போது எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். வீட்டுக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

என் திட்டம் சின்னது. மூன்று தடவை திருப்பி அனுப்புவது. மூன்றாவது தடவைக்குப் பிறகு அந்த வருட மலருக்கு எடுக்கக் கூடாது என்பது விதி. அவருக்கும் ஒரு வருடம் போகட்டும். அவ்வளவுதான் நினைத்தேன்.

இரண்டு வாரத்தில் திருத்தி அனுப்பினார். இந்தத் தடவை யூனிகோட், ஓரம் ஒன்றரை. பிழை கண்டுபிடிப்பதற்காக வாசிக்கத் தொடங்கினேன். தலைப்பு ‘பெருந்தோட்ட மாணவர்களின் வரவொழுங்கின்மை’. ஆறாம் பக்கத்தில், மேற்கோளுக்குரிய உள்தள்ளலோடு இது இருந்தது:

‘எனது பிள்ளைகள் இருவருக்கும் ஒரு சோடிக் காலணி மாத்திரமே உண்டு. ஆகையால் அவர்கள் மாறி மாறிப் பாடசாலைக்குச் சமூகமளிக்கின்றனர். இளையவளுக்கு அது பெரிதாகையால் நுனியில் துணியைத் திணித்து அனுப்புகின்றேன். அரைக் கல்வியேனும் இருவருக்கும் கிட்டட்டும் என்பதே எனது அவா.’

கீழே அடிக்குறிப்பு: ‘தோட்டத் தாய் ஒருவர், கட்டுரையாளரின் நேரடி நேர்காணல்.’

நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டேன். எழுந்து எங்கே போவதென்று தெரியாமல் அறைக்குள்ளேயே நடந்தேன். தொடர்ந்து வாசித்தபோது இடாப்பைப் பார்த்துக் கண்டுபிடித்த கதையும் வந்தது. அதையும் தான் கண்டதாக எழுதியிருந்தார். கொச்சை, ஆகாது என்று வெட்டியதைச் சலவை செய்து தனதாக்கிக்கொண்டார். வகுப்பில் நாற்பது பேர் முன்னால் வெட்டிவிட்டு, வீட்டில் போய் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார். அப்படியென்றால் அன்றைக்கே அது நல்லது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதுதான் என்னை எரித்தது.

அடுத்த நாள் அலுவிகாரைக்குப் போய் ராத்தாவிடம் காட்டினேன். அவர் இரண்டு தடவை வாசித்தார். அந்த ஒப்படையைத் தட்டச்சு செய்தவர் அவர்தானே.

“இது நான் அடிச்சதுதானே!” என்றார். “அல்லாஹ் பாத்துக்குவான் புள்ள.” கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா நீயும் பாரு. அவன் பாக்குறதுக்கு லேட்டாகும்,” என்றார்.

சிரித்தோம். பிறகு அவரே ஒரு வெள்ளைத்தாளில், அந்த ஒப்படையை இந்த இடத்தில், இந்தக் கம்பியூட்டரில் தட்டச்சு செய்தது தான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

அங்கிருந்து நேராகத் தோட்டத்துக்குப் போனேன். அந்த அம்மா இப்போதும் அதே லயத்தில்தான் இருந்தார். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். மூத்தவள் தம்புள்ளையில் ஒரு மரக்கறி மொத்தக் கடையில் பில் எழுதுகிறாள், இளையவள் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பிளேன்டீ ஊற்றித் தந்துவிட்டுக் கதவடியில் உட்கார்ந்தார். நான் விரிவுரையாளரின் கட்டுரையை எடுத்து அந்தப் பகுதியை வாசித்தேன்.

“யாரு டீச்சர் இப்படிச் சொன்னது?” என்று கேட்டார்.

“நீங்கதான் அக்கா. நீங்க சொன்னதாத்தான் எழுதியிருக்காங்க.”

“நான் எங்க இப்படியெல்லாம் பேசுனேன்? அவான்னா என்னா?”

“ஆசை.”

“அது என் ஆசையா?” என்று கேட்டார். “ஆசைப்பட்டா பாதிப் படிப்புக்கு ஆசைப்படுவேன்? முழுப் படிப்புக்குத்தானே ஆசைப்படுவேன். வழி இல்லாம செஞ்சது டீச்சர் அது. இவரு யாரு? இந்தப் பக்கம் வந்ததே இல்லியே.”

நான் ஒரு சொல் திருட்டைக் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் அதைவிடப் பெரிய பிழையைக் காட்டினார். அந்த மனிதர் சொல்லை மாற்றியதில் பொருளும் மாறிப்போயிருந்தது. கதியில்லாமல் செய்ததை ஆசைப்பட்டுச் செய்ததாக்கிவிட்டார். நான் எத்தனையோ தடவை வாசித்தும் அது எனக்குப் படவில்லை.

அப்படி ஒருவர் தன்னை வந்து காணவில்லை என்றும், தான் பேசியது என்னிடம் மட்டும்தான் என்றும் அவர் சொல்ல, இளைய மகள் எழுதினாள். அம்மா கையெழுத்துப் போட்டார். “டீச்சர், அந்த ஆளு மூஞ்சியில இத வைங்க,” என்றார்.

இதற்கிடையில் விரிவுரையாளர் தலைவியிடம் முறையிட்டிருந்தார். பத்து வருடத்துக்கு மேல் விதிமுறை கற்பித்தவரின் கட்டுரையை வாசிக்காமல் திருப்பி அனுப்பிய ஆள் யார் என்று தெரிய வேண்டுமாம். தலைவி ஒரு கூட்டம் வைத்தார். மாடியில் சின்ன அறை, குழுவில் ஐந்து பேர். விரிவுரையாளர் நேரத்துக்கு வந்தார். என்னைக் கண்டதும் தலையசைத்தார். எனக்கும் அவருக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது என்ற நினைவே அவர் முகத்தில் இல்லை. வருடத்துக்கு நாற்பது பேரைப் பார்க்கிறவர். நான் அவரை ஒவ்வொரு நாளும் நினைத்தேன், அவர் என்னை ஒருநாளும் நினைக்கவில்லை.

“விதிமுறைக்கு அமையவில்லை, வாசிக்கப்படவில்லைன்னா என்ன அர்த்தம்?” என்று தலைவியிடம் கேட்டார். “இது என்ன மரியாதை? ஒரு கட்டுரையாளனுக்கு இப்படியா எழுதுறது?”

“நான்தான் சேர் எழுதினேன்,” என்றேன்.

திரும்பிப் பார்த்தார்.

“அந்த வாக்கியமும் என்னுது இல்ல, உங்களோடது. உசாத்துணை கொடுக்காம எடுத்தது என் தப்புதான்.”

பையிலிருந்து என் பழைய ஒப்படையை, முதல் தடவை கொடுத்ததையும் மூன்றாவது தடவை கொடுத்ததையும், எடுத்து மேசையில் வைத்தேன். முதலாவதின் முகப்புத் தாளில் அவருடைய சிவப்பு எழுத்து, கையெழுத்து, திகதி. பிறகு மூன்றாவதைப் புரட்டி, வெட்டிய பத்தியைக் காட்டினேன். அதன் பக்கத்தில் அவருடைய கட்டுரையின் ஆறாம் பக்கத்தை வைத்தேன். தலைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் மாறி மாறி வாசித்தார்.

“சேர், இது அதே பொம்பளதானே?” என்று கேட்டார்.

“இது தோட்டத்துல பொதுவா நடக்குற விஷயம் மேடம். எந்த லயத்துல கேட்டாலும் இதையேதான் சொல்லுவாங்க.”

“நுனியில துணி அடைக்கிறதையுமா?” என்றார் தலைவி.

நான் இன்னும் இரண்டு தாளை வைத்தேன், ராத்தாவின் கடிதமும் அந்த அம்மாவின் கடிதமும். தலைவி வாசித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.

“மறதியில விட்டுப்போச்சு,” என்றார் விரிவுரையாளர் கடைசியில். “ஒரு அடிக்குறிப்பு போட்டா சரி. இவங்க பேரைப் போட்டுடலாம்.”

குழுவில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். பெரிய மனிதர், ஓர் அடிக்குறிப்போடு போகட்டும் என்று நினைத்தார்கள். தலைவியும் என்னைப் பார்த்தார். என்ன சொல்கிறீர்கள் என்ற பார்வை. நான் சரி என்று சொல்லியிருந்தால் அது அங்கேயே முடிந்திருக்கும். நான் சரி என்று சொல்லவில்லை. கையேட்டைத் திறக்கவும் இல்லை. பதினோராம் பக்கத்தை மனப்பாடமாகச் சொன்னேன்.

“‘பிறர் எழுத்தையோ கண்டறிதலையோ உசாத்துணையின்றித் தனதாகக் காட்டும் ஒப்படை திருத்தத்துக்கு அனுமதிக்கப்படாது. முற்றாக நிராகரிக்கப்பட்டு, விபரம் உரியவரின் தனிக் கோவையில் பதியப்படும்.’ திருத்தத்துக்கு அனுமதி இல்ல மேடம். சேரே எழுதின விதி.”

“அது மாணவர்களுக்கு,” என்றார் அவர்.

“அப்படிக் கையேட்டுல இல்ல சேர்.”

தலைவி கையேட்டை எடுத்துப் பார்த்தார். இருக்கவில்லை. பேனாவை எடுத்தார்.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது விரிவுரையாளர் எனக்குப் பின்னால் வந்தார். படி திரும்பும் இடத்தில் என்னை நிறுத்தினார். அவர் பேச்சே மாறியிருந்தது. வகுப்பில் ஒருநாளும் கேட்காத பேச்சு.

“புள்ள, நானும் தோட்டத்துல பொறந்து வளந்தவன்தான். எங்கம்மாவும் கொழுந்து எடுத்தவங்க. அந்த லயத்துப் பேச்சைக் காட்டித்தான் எல்லாரும் நம்மள மட்டமாப் பேசுறாங்க. நம்ம புள்ளைங்க நல்லாத் தமிழ் எழுதணும்னுதான் நான் கண்டிப்பா இருந்தேன். கோவையில போட்டா எனக்கு உயர்வு வராது. ரெண்டு வருஷத்துல ஓய்வு. மேடத்துக்கிட்ட கொஞ்சம் சொல்லுங்க.”

அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. பொய்யான தண்ணீர் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் தோட்டத்துப் பிள்ளை என்று தெரிந்ததும் எனக்கு இரக்கம் வரவில்லை. இருந்த கொஞ்ச இரக்கமும் போனது. வெளியில் இருந்து வந்த ஒருவர் அந்தப் பேச்சைப் பார்த்துச் சிரித்திருந்தால் தெரியாமல் செய்தார் என்று விட்டிருக்கலாம். இவர் தன் அம்மாவின் குரலைத்தான் அன்றைக்கு இடுப்பில் கை வைத்து நடித்துக் காட்டியிருக்கிறார்.

“உங்கம்மா இருக்காங்களா சேர்?” என்று கேட்டேன்.

“இல்ல.”

“இருந்திருந்தா அன்னைக்கு வகுப்புல அவங்க எங்க உக்காந்திருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.”

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் படியிறங்கிப் போய்விட்டேன். அந்த வசனம் தேவையில்லை என்று ராத்தா பிறகு சொன்னார். கோவையில் போட்டது நியாயம், செத்துப்போன தாயை இழுத்தது நியாயம் இல்லை என்றார். அவர் சொன்னது சரியாக இருக்கலாம். திரும்ப அந்தப் படியில் நின்றாலும் நான் அதைத்தான் சொல்வேன்.

அவருக்குப் பதவி உயர்வு வரவில்லை. கட்டுரை எழுதும் முறைப் பாடத்தை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். கையேட்டின் அடுத்த பதிப்பில் அட்டையில் பெயர் இல்லை. நான் கேட்டு நடந்தது அல்ல அது, ஆனால் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அந்த வருட மலருக்குத் தலைவி கேட்டதால் என் பழைய ஒப்படையைக் கொடுத்தேன். அந்த அம்மாவின் பேச்சு அவர் பேசியபடியே அச்சில் வந்தது. கீழே, அவர் அன்றைக்குக் கதவடியில் சொன்னதையும் சேர்த்திருந்தேன். ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது இளைய மகள் சத்தமாக வாசித்தாள். “ஆமா, இது நான்தான்,” என்றார் அம்மா.

மனம் ஆறிவிட்டதா என்று ராத்தா ஒருநாள் கேட்டார். ஆறிவிட்டது என்றேன். பழிவாங்கினால் மனம் ஆறாது, வெறுமைதான் மிஞ்சும் என்று நிறையப் பேர் சொல்லியும் எழுதியும் இருக்கிறார்கள். எனக்கு அப்படி இருக்கவில்லை. எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

போன மாதம் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. விரிவுரையாளர் ஓய்வுபெறுகிறாராம். சேவை நயப்பு மலர் ஒன்று போடுகிறார்களாம். பழைய மாணவர்களிடம் ஆளுக்கொரு பக்கம் வாங்குகிறார்களாம். அழைத்தவர் புதியவர், பழைய கதை தெரியாதவர்.

“சேரோட உங்க அனுபவத்தை எழுதித் தாங்க மிஸ். ஒரு பக்கம் போதும்.”

“எழுதுறேன்,” என்றேன். “நடந்ததை நடந்தபடி எழுதுவேன். ஒரு பக்கத்துல அடங்காது. பரவாயில்லையா?”

கேட்டுச் சொல்வதாகச் சொல்லி வைத்தார். அடுத்த நாள் வேறொருவர் எடுத்து, மலரில் இடம் இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே உட்கார்ந்து இதை எழுதத் தொடங்கினேன்.